மீதி கிலோமீட்டர்

மைனஸ் முப்பத்தெட்டு.
கௌதொகெய்னோவுக்குப் போகும் சாலையில்
நடுப்பகல் நீலமாக இருந்தது.
சூரியனைப் பார்த்து ஆறு வாரம்.

கையை ஆட்டிக்கொண்டு ஒருவன் நின்றான்.
ஆரஞ்சு மேலங்கி, முதுகில் கம்பெனிப் பெயர்.
வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.
இரண்டு வருடமாகக் கோர்ட்டில்
எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம்.

டீசல் உறைந்துவிட்டது என்றான் ஹால்வர்.
ஆறிய சூப்பின்மேல் கொழுப்பு படியுமே, அப்படி.

ஏறு என்றேன்.

காற்றாலை கட்டுகிறவன் வந்தது டீசல் வண்டியில்.
காற்றாலை வேண்டாமென்று வழக்குப் போட்டவள்
மின்சார வண்டியில்.
இரண்டு பேரும் கவனித்தோம்.
முதல் ஐந்து கிலோமீட்டருக்கு
யாரும் வாய் திறக்கவில்லை.

திரையில் மீதி எழுபத்தொன்று.
ஊருக்கு அறுபத்தாறு.

அவன்தான் ஆரம்பித்தான்:
உன் வண்டி எதைக் குடிக்கிறது, ரிஸ்டன்?
ஆற்றை என்றேன். அணைபோட்ட ஆற்றை.
அப்போதும் எங்களை யாரும் கேட்கவில்லை.

அதற்கு அவன் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.
உன் மான்களைக் கொல்வது என் விசிறியா?
டிசம்பரில் பெய்கிறதே மழை, அதுவா?
மழை விழுந்து, உறைந்து,
பாசிக்கு மேலே கண்ணாடி போட்டதுபோல் மூடிக்கொள்கிறதே,
அதை நிறுத்தத்தானே நாங்கள்...

அதை என்னிடமா சொல்கிறாய்?
போன மார்கழி முழுக்கக் கோடரியோடு நின்றேன்.
ஐஸ் உடைத்த இடத்தில்
முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே படுத்துக்கொண்ட
சினைமானின் காதில் இருந்தது என் குறி.
தீவன மூட்டை பின்லாந்திலிருந்து லாரியில் வந்தது.
அந்த லாரி எதைக் குடித்ததென்று
நீயே சொல்.

மழை கொல்கிறது. சரி.
மழைக்குத் தப்பி அவை ஏறுகிற மேடு ஒன்றே ஒன்று.
காற்று பனியைத் துடைத்துத் துடைத்து
பாசியை வெளியே வைக்கிற இடம்.
அதே காற்றுக்குத்தான் நீயும் வந்தாய்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஐம்பத்திரண்டு. ஊருக்கு ஐம்பத்தைந்து.

கணக்கு இடறியதை அவனும் பார்த்தான்.
ஹீட்டர்தான் என்றான், எஞ்சினியர் குரலில்.
அணைத்தேன்.
பின்சீட்டில் கிடந்த மான்தோலை இழுத்து
பாதியை அவன் மடியில் எறிந்தேன்.

கண்ணாடியின் உட்புறம் எங்கள் மூச்சு வெள்ளையாகப் படிந்தது.
கோர்ட்டில் நாங்கள் பேசியதெல்லாம்
இப்படி எங்கேயாவது படிந்திருக்குமா, தெரியவில்லை.
கம்பெனி அடையாள அட்டையை எடுத்து
எனக்குச் சாலை தெரியும்படி சுரண்டினான்.
சுரண்ட மீண்டும் படிந்தது.
சுரண்டினான்.

வளைவில் மந்தை.
என்னுடையது இல்லை, மச்சான் நில்ஸ் ஐலாவினுடையது.
டீசல் வண்டி என்றால் அரை மைலுக்கு முன்பே ஒதுங்கும்.
சத்தமில்லாத இதற்கு எது ஒதுங்கும்?
விளக்கில் கண்கள் பச்சையாகத் திரும்பின.
நின்றோம். திரையும் நின்றிருக்கலாம், நிற்கவில்லை.
முப்பத்தொன்று. முப்பது.

எத்தனை இருக்கும் என்று கேட்க வாயெடுத்தவன்
மூடிக்கொண்டான்.
எங்களிடம் அதைக் கேட்பது
பேங்க்கில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்பது மாதிரி.
இரண்டு வருடத்தில் அது ஒன்றைக் கற்றிருக்கிறான்.

தூரத்தில், மேட்டின் மேல்,
அவனுடைய பதினேழு சிவப்பு விளக்குகள்
ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன.
இன்று காற்றே இல்லை.
ஒரு விசிறியும் சுற்றவில்லை.
நான் சொல்லிக் காட்டவில்லை. குளிரில் பல் கிட்டியிருந்தது.

கடைசி ஒன்பது கிலோமீட்டர் இறக்கம்.
வண்டி தன் எடையிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் பொறுக்கிக்கொண்டது.
மீதி இரண்டு என்று காட்டியபோது
பெட்ரோல் பங்க் விளக்கு தெரிந்தது.

சார்ஜர் கேபிள் மரக்கட்டைபோல விறைத்திருந்தது.
வளைக்கப் பார்த்தேன்.
அவன் ஒரு முனையைத் தோளில் முட்டுக்கொடுக்க,
நான் தொங்கி இழுக்க,
மூன்றாவது தடவை செருகிக்கொண்டது.

புதன்கிழமை பத்து மணிக்கு விசாரணை என்றான்.
தெரியும் என்றேன்.