முள்

அறுபத்தோராம் வருடத்து ஃபோர்டு.
இருக்கைக்குப் பின்னால், முதுகை ஒட்டினாற்போல்
டேங்க்.
பிரேக் போட்டால் ஒரு நொடி கழித்து
பதினெட்டு கேலன் பெட்ரோல்
முன்னால் வந்து தோளில் இடிக்கும்,
ஏதோ சொல்ல வந்து மறந்தவரைப் போல.
அந்த வாசனையோடுதான் நான்
சர்ச்சுக்கும் போனேன், கோர்ட்டுக்கும் போனேன்.
தீர்ப்பில் வீடு டேலுக்கு,
வண்டி எனக்கு.

இஞ்சின் அக்டோபரில் செத்தது,
சர்க்கரை பீட் அறுவடையின் நட்டநடுவில்.

டிரேட்டன் காயலான் கடையில்
பின்பக்கம் அப்பளமாய் நொறுங்கிய செவ்ரலே ஒன்று.
முன்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதன் இஞ்சினை எண்ணூறு டாலருக்குப் பேசி முடித்தேன்.
"ஃபோர்டுக்குள் செவ்ரலேயா, மார்லிஸ்?"
என்றான் ஆரின், டேலின் தம்பி,
கல்யாண வீட்டில் கட்சி மாறியவளைப் பார்ப்பதுபோல.
பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டான்.

நான்கு நாளில் இஞ்சின் உட்கார்ந்துவிட்டது.
தீனி போடுவதில்தான் தகராறு.

பழையது சாது.
ஐந்து பவுண்டு அழுத்தம் போதும்,
கார்புரேட்டர் கிண்ணத்தில் ஊற்றி வைத்தால்
வேண்டும்போது உறிஞ்சிக்கொள்ளும்.
இதற்கு ஐம்பத்தெட்டு.
கொஞ்சம் குறைந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
ஊசிமுனைத் துளைகளில் புகையாய்ப் பீய்ச்சவேண்டும்;
ஒரு துணுக்குத் துரு போனால் தொண்டை அடைக்கும்.
ஐந்துக்குப் பழகிய ரப்பர் குழாயில்
ஐம்பத்தெட்டை விட்டால்
காலையில் கொட்டகை இருக்காது.

முதுகுக்குப் பின்னிருந்த டேங்கைக் கழற்றினோம்.
அடியில் துரு, ஒரு குளவி,
டேலின் பழைய சாவி ஒன்று, எப்படி விழுந்ததோ.
பின்கட்டுக்கு அடியில் வேறொரு டேங்க்,
அதுவும் செவ்ரலேயிலிருந்து பிடுங்கியதுதான்.
பம்பு பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும்;
சூடு தணிய அதற்கு வேறு வழியில்லை.

இஞ்சின் குடித்தது போக மிச்சம்
திரும்பி வர இரண்டாவது குழாய்.
ஆரின்தான் அதை வளைத்தான்,
சட்டத்தின் ஓரமாய்,
புகைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி.
"மிச்சத்துக்கு ஒரு வழி விடாவிட்டால்..."
என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.
அரை இஞ்சு ஸ்பேனர் கேட்டேன்.
எடுத்துக் கொடுத்தான்.

சாவியைத் திருப்பியதும்
பின்னால் இரண்டு நொடி ரீங்காரம், பிறகு மௌனம்.
ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைக் காகிதம் ஒற்றிப் பார்த்தோம்.
ஈரமில்லை.
அடுத்த திருப்பில் பிடித்துக்கொண்டது.
ஆரின் தொப்பியைக் கழற்றினான்,
ஏனென்று அவனுக்கே தெரியாது.

முள் மட்டும் சண்டித்தனம்.
கூட்டுறவு பங்கில் கழுத்துவரை நிரப்பினேன்,
காலி என்றது.
ஓட ஓட மெல்ல எழுந்தது.
பெம்பினாவுக்கு இரண்டு தடவை போய்வந்ததில் முக்கால்.
"பெட்ரோலைத் தானே காய்ச்சும் வண்டி செய்துவிட்டோம்"
என்று ஆரினுக்கு ஃபோன் போட்டேன்.
அவன் சிரிக்கவில்லை, யோசித்தான்.
யோசித்து முடிப்பதற்குள்,
நவம்பர், பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினைந்து,
முள் நிறைவுக் கோட்டைத் தாண்டி நின்ற இடத்தில்
வண்டி நின்றது.

இரு பக்கமும் அறுத்த வயல்.
பழைய டேங்காக இருந்தால்
முதுகே சொல்லியிருக்கும்.

கேனோடு வந்தான் ஆரின்.
ஃபோர்டின் முள்ளுக்கு மின்தடை குறைந்தால் நிறைவு,
செவ்ரலே டேங்குக்கு மின்தடை கூடினால் நிறைவு,
ஒன்று சொல்வதை மற்றது தலைகீழாய்க் கேட்கிறது என்றான்.
நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க
சின்னப் பெட்டி ஒன்று உண்டாம், அறுபது டாலர்.
"பார்க்கலாம்" என்றேன்.
எனக்குத் தலைகீழாய் வாசிக்கப் பழகிவிட்டது.
கேனை இருக்கைக்குப் பின்னால், பழைய இடத்தில் வைத்தேன்.

மார்ச்சில் டேல் வந்தான்,
ஃபார்கோவரை சோபா ஏற்றிப்போக வண்டி வேண்டுமாம்.
கேனை எடுத்துக் கொட்டகையில் வைத்துவிட்டு
சாவியைக் கொடுத்தேன்.
ஏறி உட்கார்ந்து முள்ளைப் பார்த்தான்.
"நிறைய இருக்கே!"
ஆமாம் என்றேன்.