வெறும் வண்டி எடை

பிரானூர் பார்டரில் எடைமேடை.
என்னுடையது அல்ல, சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன்.
முதலில் வெறும் வண்டி, பிறகு லோடு வண்டி,
கழித்தால் வருவது சரக்கு.
எம்-சாண்டும் ஜல்லியும் ஆரியங்காவு ஏறிப் போகும்.
மழை அங்கிருந்து இறங்கி வரும். அதற்குச் சீட்டு கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்
தென்காசி ஆஸ்பத்திரித் தராசில்
நூற்றிருபதைத் தாண்ட முள்ளுக்கு வழியில்லை.
நர்ஸ் பெண் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாயிருந்தது.
அன்றிரவு வண்டி ஓய்ந்த நேரம்
செருப்பைக் கழற்றிவிட்டு
பதினாறு சக்கரம் நிற்கிற இடத்தில் ஏறி நின்றேன்.
உள்ளேயிருந்து உச்சிமாகாளி கூவினான்:
"அண்ணாச்சி, நூத்தி நாப்பது! சீட்டு அடிக்கவா?"
அடித்தான்.
மதுரை டாக்டரிடம் அந்தச் சீட்டைத்தான் நீட்டினேன்,
வண்டி எண் போடுகிற இடம் காலியாக.

இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தார்கள்.
எடுத்ததை எங்கே போட்டார்கள் என்று
கேட்க நினைத்து இன்னும் கேட்கவில்லை.

இப்போது என் மதியம் ஒரு எவர்சில்வர் கிண்ணம்.
மகளுக்குச் சோறூட்ட வாங்கியது.
அவள் பாலிடெக்னிக் போகிறாள், கிண்ணம் எனக்கு வந்துவிட்டது.
முதலில் முட்டை, இல்லாவிட்டால் மீன்,
அப்புறம் இடமிருந்தால் சோறு.
இடமிருப்பதில்லை.
தண்ணீர் அரை மணி தள்ளி.
ஒரு வாய் கூடினால்
நெஞ்சுக்குழியில் ஜல்லி வந்து உட்காரும்.
சீட்டுக்கு நிற்கிற டிரைவரை நிற்கவைத்துவிட்டு
ஷெட்டுக்குப் பின்னால் போய்க் குனிவேன்.
மூன்று மாசத்துக்கு ஒரு ஊசி, சாகும்வரை.
பனியனுக்குள் தோல்,
லோடு இறக்கியபின் மடித்துப் போட்ட தார்ப்பாய்.

அச்சன்புதூர்க் கல்யாணத்தில்
இரண்டாம் கவளத்தோடு இலையை மூடியதற்கு
பெண்ணின் தகப்பனார் முகம் சுண்டிப்போனது.
அதிலிருந்து ஆவுடைச்செல்வி எந்தப் பந்தியிலும்
பக்கத்து இலையில் உட்கார்ந்து
என் இலையில் கைபோட்டு எடுக்கிறாள்.
"உங்களுக்குச் சேத்துத் தின்னே நான் பெருத்தாச்சு."
சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.
ஒருதரம் சிரிக்காமலும் சொன்னாள்.

புனலூர் ரெஜிமோன் கேட்கிறான்,
"அண்ணாச்சிக்கு ஷுகரா? இப்படி மெலிஞ்ஞு போயி?"
ஆமாம் என்கிறேன்.
அறுவையோடு என்னை விட்டுப் போன வியாதி அது.
அதன் பேரைச் சொல்லித்தான் தப்பிக்கிறேன்.

ஆறு மணிக்குப் பரோட்டாக் கல்லில்
அடி விழத் தொடங்கும்.
வயிறு அசையாது, அது பழகிவிட்டது.
பசிப்பது வேறெங்கோ, காதுக்குள்,
இரண்டு கையும் சேர்ந்து நொறுக்குகிற அந்தச் சத்தத்தில்.
முன்பு பன்னிரண்டு, நாட்டுக்கோழிச் சாறு மிதக்க.
அப்பா செத்த வாரத்திலும் பன்னிரண்டு.
போன தையில் தம்பி
பாகம் பிரித்துக்கொண்டு பேசாமல் போனபோது
அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கிண்ணத்தோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கோழி நிற்கும். பயறு நிற்கும்.
காராச்சேவு நழுவி இறங்கிவிடும்,
ஒன்றுமே சாப்பிடாத மாதிரி.
இது டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும்,
மேஜையின் இரண்டாவது டிராயருக்குத் தெரியும்.
எழுபத்திரண்டு வரை இறங்கினவன்.
வீட்டுத் தராசு இன்று காலை
எண்பத்து மூன்று புள்ளி நாலு என்றது,
அந்தப் புள்ளியையும் விடாமல்.

உச்சிமாகாளி திருப்பூர் போய்விட்டான்.
தனியாகத்தான் ஏறினேன், செருப்போடு, சாரலில்.
டிரைவர்கள் பார்க்க ரோட்டோரம் வைத்த பலகையில்
சிவப்பாய் எழுந்தது: 80.
பத்துப் பத்தாக மட்டுமே எண்ணத் தெரிந்த இயந்திரம்.
நனைந்த சட்டை, டிராயர் சாவி, காராச்சேவு,
எதையும் அது கண்டுகொள்ளவில்லை.
கொஞ்சநேரம் அப்படியே நின்றேன்.

பின்னால் ஒரு வெறும் வண்டி
ஹாரன் அடித்தது, இறங்கச் சொல்லி.