மூன்று நிமிடம், பன்னிரண்டாவது நொடி

மாதத்தின் கடைசி வியாழன்.
பீல் நகரம், ரயிலடிக்குப் பின்னால்
ஒரு குடியிருப்பின் நிலவறை.
அணுகுண்டுக்கென்று கட்டி
அணுகுண்டு வராமலே போனதால்
பனிச்சறுக்கு மட்டைகளும் வைன் போத்தல்களும் குடியேறிய அறை.
ஒரு சாண் தடிப்பில் கான்கிரீட் கதவு.
அடைத்தால் அவரவர் மூச்சே ஸ்டீரியோவில் கேட்கும்.

ஐந்து பேர், இரவுக்கு இரண்டு ட்ராக்.
செய்தவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது,
அது ஒன்றுதான் விதி.

ரேட்டோ "இன்டெரெசான்ட்" என்றால்
பிடிக்கவில்லை.
மிலேன் "பா மால்" என்றால்
உருகிப்போனாள்.
இந்த ஊர்த் தெருப்பலகைபோல
இரண்டு மொழியையும் சுமந்து நிற்கிற எனக்கு
இதெல்லாம் கஷ்டமில்லை.
பரவாயில்லை என்ற ஒற்றைச் சொல்லில்
மன்னிப்பும் மறுப்பும் மதிப்பெண்ணும்
வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவள்.

அன்று முதலில் என்னுடையது. ஏழு நிமிடம்.
கடிகாரத் தொழிற்சாலையில் நான் நிற்கும் இடத்தில்
பல்சக்கரங்களைக் குளிப்பாட்டும் தொட்டி ஒன்று உண்டு.
அது பாடுவது வௌவாலுக்கு மட்டுமே கேட்கும்.
வௌவால் ஆராய்கிறவர்களிடம் மைக் இரவல் வாங்கி,
பிடித்து,
மனிதக் காதுக்கு எட்டும்வரை மெதுவாக்கியிருந்தேன்.

முடிந்தது.
ஊர்ஸ் தொண்டையைச் செருமினார்.
"ஹெலிகாப்டர்கள், இல்லையா? உங்கள் நாட்டில்..."
தலைகள் மெல்ல ஆடின.
மிலேனின் கண் கலங்கியிருந்தது.

என் நாடு.
நான் பிறந்தது மேட்டு ஆஸ்பத்திரியில்,
அதே மேட்டில்தான் ஊர்ஸும் பிறந்தார்.
பெயரை மறைத்துப் போட்டிருந்தால்
பனியாறு உருகுகிறது என்றிருப்பார்கள்.
யுத்தமில்லை ஐயா, சவர்க்காரத் தண்ணீர்!
விதி. பல்லைக் கடித்தேன்.

பின்னூட்டம் என்கிறோம் இதை.
ஒலிபெருக்கியின் முகத்துக்கு நேரே
மைக்கை நீட்டினால் வீறிடுமே,
தன் குரலைத் தனக்கே ஊட்டி ஊட்டிக் கொழுக்கும் அலறல்,
அதற்கும் அதே சொல்தான்.

வ்யோசா மட்டும் பேசாமலிருந்தாள்.
அவளிடம் கொசோவோவை எத்தனை முறை கேட்டிருப்பார்களோ.
குறிப்பேட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்:
"மூன்று நிமிடம், பன்னிரண்டாவது நொடி.
அங்கே ஒலியைத் தாழ்த்தியிருக்கிறாய்.
அந்த ஓசை அதைக் கேட்கவில்லை.
யாரோ அறைக்குள் வந்ததுபோலத் தாழ்த்தியிருக்கிறாய்."

எனக்குக் காது சுட்டது.
நள்ளிரவு. பக்கத்து அறையில் அக்காவின் பிள்ளை இருமினான்.
நான் ஹெட்போனில் இருந்தேன்,
ஒரு எறும்புக்கும் கேட்டிருக்காது.
ஆனாலும் கை போயிருக்கிறது.
திரையில் அந்தக் கோடு
தலை குனிந்து, மறுபடி நிமிராமலே போயிருக்கிறது.

அடுத்தது ரேட்டோ.
பதினோரு நிமிடம், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.
கோபத்தை யாரிடமாவது இறக்க வேண்டியிருந்தது.
"பயந்த மௌனம்" என்றேன்.
நறுக்கென்று. எனக்கே பிடித்திருந்தது அந்தச் சொல்.
அவன் தலையசைத்து எழுதிக்கொண்டான்.

வெளியே சைக்கிள் பூட்டைத் திறக்கையில் வந்து நின்றான்.
வலது காதில் மேல்சுருதி எல்லாம் போய்விட்டதாம்,
இடதிலும் போய்க்கொண்டிருக்கிறதாம்.
தனக்குக் கேட்பதை மட்டும் வைத்துச் செய்தானாம்.
"மேலே ஏதாவது இருந்ததா?"

இருந்தது.
ஊசி நுனிபோல ஒரு கீச்சு.
அதைக் கேட்டுக்கொண்டேதான்
மௌனம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.
ஊர்ஸுக்கும் எனக்கும் எத்தனை சாண் தூரம்?

"இருந்தது" என்றேன்.
"எடுத்துவிடட்டுமா?"
பரவாயில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.
"நாலு நிமிடம் நாற்பதில் தொடங்குகிறது.
ஒன்பது வரை இடப்பக்கம் மட்டும்.
அதற்குப் பிறகு நடுவில்.
எனக்கு அது பிடித்திருந்தது. எடுப்பது உன் இஷ்டம்."
கையுறையைக் கழற்றி
குளிரில் விறைத்த உள்ளங்கையில்
எண்களை எழுதிக்கொண்டான்.

நான் இன்னும் அந்தக் கோட்டை நிமிர்த்தவில்லை.
திறக்கிறேன்,
மூன்று பன்னிரண்டுக்குப் போகிறேன்,
பக்கத்து அறையைக் கவனிக்கிறேன்.