முதல் புதன்கிழமை

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதாம்.
பொன் இங்கிருந்து அறுநூறு கிலோமீட்டர் வடக்கே,
பாறைக்கு அடியில், யாருக்கோ.
புதன் எங்களுக்கு மாதம் தவறாமல் கிடைக்கிறது,
முதல் வாரத்தில், நள்ளிரவு தாண்டியதும்,
பெட்ரோலின் புது விலையோடு.

அதனால் செவ்வாய் இரவு சாட்ஸ்வொர்த் பங்கில் வரிசை.
கண்ணாடியைத் துடைத்தபடி மண்ட்லா கேட்பான்:
"ஃபுல்லா, ஆன்ட்டி?"
"ஃபுல். கிளிக் சத்தம் வந்ததும் நிறுத்திவிடு,
மேலே ஊட்டாதே. கணக்கு கெடும்."

கணக்கு கையுறைப் பெட்டியில்.
நாற்பது பக்க நோட்டு: தேதி, லிட்டர், கிலோமீட்டர்,
நூற்றுக்கு எவ்வளவு குடித்தது என்று கடைசிக் கட்டம்.
வேறெதுவும் அதில் எழுதியதில்லை.

காலை ஐந்தேகால். என்னோடு நான்கு பேர்.
பீட்டர்மரிட்ஸ்பர்க் வரை பெரும்பாலும் ஏற்றம்.
ஊசியை இரண்டாயிரத்துக்கு மேல் விடமாட்டேன்.
என்ஜின் தொண்டையைச் செருமும்;
அதற்கு ஒரு மூச்சு முன்பே
இடக்கால் கிளட்சுக்குப் போயிருக்கும்,
இடக்கை அடுத்த கியருக்கு.
தூரத்தில் ரோபோ மஞ்சளானால்
வலக்காலை எடுத்துவிடுவேன், அவ்வளவுதான்.
மிதித்துப் போய் மிதித்து நிற்பது
சம்பளம் வாங்கிய அன்றே கடைவீதிக்குப் போவது மாதிரி.

"இது என்ன, காவடியா?" என்பார் தீனதயாள் பிள்ளை,
நகராட்சியில் கணக்கர்,
பங்கு கொடுப்பதில் மட்டும் என்னைவிட மெதுவானவர்.
சாயங்காலம் திரும்பும்போது வேறு பாட்டு:
"இறக்கம்தானே, நியூட்ரல் போடும்மா, மிச்சம்!"
கியரில் விட்டால் சக்கரம் என்ஜினைச் சுற்றும்,
ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாது,
நியூட்ரலில்தான் உயிரைப் பிடித்துக்கொள்ளக் குடிக்கும்
என்று ஆறு மாதம் சொன்னேன்.
நோம்புசோ அவசரப் பிரிவில் நர்ஸ்.
ஒருநாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
"கீ ரிட்ஜில் நியூட்ரலில் இறங்கியவர்களை
எனக்குப் பெயரோடு தெரியும்."
பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

போன ஞாயிறு நோட்டைப் புரட்டினேன்.
5.4. 5.3. 5.4. மழை வாரத்தில் 5.6.
மார்ச் இரண்டாம் வாரம் 7.9.
டயரில் காற்று இல்லையோ? பிளக் அழுக்கோ?
யாரோ குழாய் வைத்து உறிஞ்சினார்களோ?

அந்த வாரம் லிஃப்ட் இல்லை. லீவு போட்டிருந்தேன்.
மூன்று நாள் கோர்ட், மூன்று நாளும் தனியாக.
வீடு அவன் பேருக்கு, கார் என் பேருக்கு.
நான்கு பேரைச் சுமந்து 5.4,
ஒருத்தியைச் சுமந்து 7.9.
கேம்ப்பர்டவுன் தாண்டியும் மூன்றாவது கியரில்
அலறிக்கொண்டே ஓடியிருக்கிறது பாவம்,
எனக்குக் கேட்கவில்லை.
ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று
அக்காவிடம் போனில் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது.
விடவில்லைதான்.

எண்ணை அடிக்க மனம் வரவில்லை.
பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதினேன்:
எதிர்க்காற்று.

இன்று மறுபடி முதல் புதன். லிட்டருக்கு ஒரு ராண்ட் ஏற்றம்.
கீ ரிட்ஜில் பனி.
இடப்பக்கம் லாரிகள் முக்கிக்கொண்டு இறங்குகின்றன,
ஒரு கோழி லாரியிலிருந்து வெள்ளை இறகு
கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்கிறது.
பிரகலாதன் வாய் திறந்து தூங்குகிறான்,
செக்யூரிட்டி தொப்பி மடியில்.
நான்காவது கியர். இரண்டு காலும் சும்மா.
எங்கள் எடையே எங்களை இறக்குகிறது,
யாரும் யாருக்கும் கடன்படாத நாலு கிலோமீட்டர்.

மேரியன்ஹில் சுங்கச்சாவடியில் பிள்ளை விழித்தார்.
சட்டைப்பை, கால்சட்டைப்பை, டிபன் பை.
"போன மாசத்துக்கு" என்று நூறு ராண்ட் நீட்டி,
"பழைய விலைதானே?" என்றார்.