படிகாரம்

கோத்தகிரியிலிருந்து லாரியில் வந்தது.
லால்பாக் வாசலில் முந்நூற்றைம்பது ரூபாய்.
ஹைட்ராஞ்சியா. அன்றைக்கு அது நீலம்.
கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்தால் தெரியுமே,
அந்த நீலம்.

ஹொரமாவு வீட்டின் பின்னால்
புதிதாய்ப் பூசிய காம்பவுண்டுச் சுவரடியில்
தொட்டியை உடைத்து மண்ணோடு இறக்கினேன்.
ஒரு வருஷம் இலை மட்டும்.
அப்புறம் மே மாத மழைக்கு மொட்டு,
வெளிர்ப்பச்சை, வெள்ளை,
திடீரென்று ரோஸ்.
கல்யாண மண்டப நாற்காலிக்கு
உறை மாட்டுவார்களே, அப்படியொரு ரோஸ்.

போட்டோவும் ரசீதுமாய்ச் சண்டைக்குப் போனேன்.
கெம்பராஜு பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
"செடி அதேதான் மேடம். தண்ணி? போர்வெல்லா?"
ஆமாம்.
"சுவரு?"
சிமெண்ட்.
"அப்போ நீலம் எங்கேர்ந்து வரும்?"
ரசீதை மடித்து என் கையிலேயே வைத்தான்.

கெட்டிலின் அடியில் வெள்ளை ஓடு.
ஷவர் கண்களில் பாதி அடைப்பு.
இதே சுண்ணாம்புதான் வேரடியிலும்
அலுமினியத்தைப் பூட்டி வைத்திருக்கிறதாம்.
அலுமினியம் ஏறினால் நீலம்,
ஏறாவிட்டால் ரோஸ்.
பூவுக்கு இதில் கருத்து ஒன்றும் கிடையாது.

"உன் கதைதான்டி இது,
நீயும் ஊர் மாறி வந்தவள்தானே"
என்று ஆபீஸில் உருகினாள் ஜெசிந்தா.
திருப்பத்தூரிலும் நான் இதே நிறம்தான் என்றேன்.
உப்புத் தண்ணி அங்கேயும் உண்டு.
டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

முனிரெட்டி சலூனில் படிகாரக் கட்டி கேட்டேன்.
யாருக்கு என்று கேட்காமல்
என் தாடையை ஒருமுறை பார்த்தான்.
அம்மிக்கல் இல்லாத வீடு;
சப்பாத்திக் கட்டையால் உடைத்து
மழைநீர் பிடித்த பக்கெட்டில் கரைத்தேன்.
பாதிச் செடியைச் சுற்றி வருவதற்குள்
பக்கெட் காலி.

இந்த ஜூனில்
கேட்டுப் பக்கம் நீலம்.
முழுசாய் இல்லை, துவைத்துத் துவைத்து வெளுத்த
ஸ்கூல் பாவாடை அளவுக்கு.
சுவர்ப் பக்கம் அதே ரோஸ்.
நடுவில் ஒரு கொத்து மட்டும்
கத்தரிப்பூ.

வாடகைக்கு வந்த நஞ்சுண்டப்பா
"ரெண்டு செடியா வெச்சிருக்கீங்க?" என்றார்.
ஒன்றுதான் சார்.
குனிந்து அடித்தண்டை எண்ணிப் பார்த்தார்.
அடுத்த மாதம் காவிரி கனெக்ஷன் வந்துவிடும்,
எல்லாம் சரியாகிவிடும் என்றார்.
நாலு வருஷமாய் அதே அடுத்த மாதம்.

ஞாயிறு தோறும் அரை மக் படிகாரத் தண்ணீர்,
கேட்டுப் பக்கம் மட்டும்.
சுவர்ப் பக்கம் ஊற்றுவதில்லை.
அது என்ன செய்கிறதென்று
பார்க்க வேண்டியிருக்கிறது.