வடக்கு வாசல்

கடைசி நிறுத்தத்தில் ஒன்பது நிமிடம் கிடைக்கும்.
கதவுகளைச் சாத்தி, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி
ஐந்தாம் பாகத்தைத் திறக்கிறேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஒன்பது ஒன்பது நிமிடமாகத் தின்று தீர்க்கிறேன்.
வெளியே ரீகாவின் பனி
டிராம் கண்ணாடியில் வந்து மோதி
பிடி கிடைக்காமல் வழுக்கி விழுகிறது.

எனக்கு இளவரசியும் வேண்டாம், வாளும் வேண்டாம்.
இஸ்வாத் என்ன ஆனான் என்று தெரிந்தால் போதும்.

இரண்டாம் பாகத்தில் வாசலைத் திறந்துவிட்டவன்.
காவல்காரன், சாவி அவன் இடுப்பில்.
கைமாறாகக் கிடைத்தது ஒரு சாம்பல் குதிரை, ஒரு பட்டம்,
தம்பியைத் தொடமாட்டோம் என்றொரு வாக்கு.
விடிவதற்குள் உப்பு நகரம் எரிந்தது.
‘நாற்பது பேர் மாண்டனர்’ என்று ஒரே ஒரு வரி.
அடுத்த வரியில் நிலா உதிக்கிறது.

போன வாரம் இரண்டு பையன்கள்
என் முதுகுக்குப் பின்னால் நின்று
இவனைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள்.
அவன் மனசு நல்ல மனசுதான் என்றான் ஒருவன்.
செத்துக் காட்டட்டும், அப்போது நம்புகிறேன் என்றான் மற்றவன்.
பாலத்தருகே இறங்கிப் போய்விட்டார்கள்.
டிக்கெட்கூட அடிக்கவில்லை.

என்னிடமும் ஒரு சாவி இருந்தது.
பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய நவம்பர்.
டிப்போவில் இரவுப் பதிவேடு என் மேஜையில்.
பிரேக் பிடிக்கவில்லை என்று தாலிவால்திஸ்
மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தான்,
அவனுடைய கோணல் கையெழுத்தில்.
நாலாவது இரவு வண்டி ஒரு பால் லாரியில் மோதியது.
ஒருவரும் சாகவில்லை. தெருவெல்லாம் பால், உடனே உறைந்துபோன பால்.
விசாரணையில் கேட்டார்கள்.
அப்படியொரு புகாரும் வரவில்லை என்றேன்.
மூன்று தாள்களையும் அதற்கு முன்பே கிழித்திருந்தேன்.

எனக்குக் குதிரை தரவில்லை. பகல் வேலை தந்தார்கள்.
அவனுக்கு வேலையே இல்லை.
டவுகாவா கரையோடு கரை உறைந்த வருஷம்
அவனும் இல்லாமல் போனான். குடி என்றார்கள்.
நானாகக் கேட்டு வண்டி ஓட்ட வந்தேன்,
தண்டனை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு.
சம்பளம் கொஞ்சம் கூடுதல்தான்.

ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கம்.
அதே வாசல். அதே இஸ்வாத்.
தாழ்ப்பாள் உடைந்த இடத்தில் தன் கையைச் செருகி
நெஞ்சில் ஏழு அம்பு வாங்கிக்கொண்டு நிற்கிறான்.
ராணி அவன் தலையை மடியில் ஏந்தி
மன்னித்தேன் என்கிறாள்.
மணிகள் அடிக்கின்றன.

தப்பித்துவிட்டான் பாவி!

யாரம்மா நீ மன்னிக்க?
அந்த ராத்திரி நீ மலைக்கு அப்பால் உறங்கிக்கொண்டிருந்தாய்.
நாற்பது பேரில் ஒருத்திக்காவது பேர் தெரியுமா உனக்கு?
எழுதியவருக்கே தெரியாது.
ஏழு அம்பு ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.
அவனை உயிரோடு விட்டிருக்க வேண்டும்.
அதே ஊரில், புதன்கிழமை காலை நாலு மணிக்கு
எழுந்து ரொட்டி வாங்கப் போகவிட்டிருக்க வேண்டும்.
ரொட்டிக்காரி, புருஷனை இழந்தவள்,
சில்லறையை அவன் கையில் வைக்காமல்
பலகையில் வைப்பாள்.
மறுநாளும் அவன் போக வேண்டும்.
அதற்கு ஆறாம் பாகம் எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அவன் திருந்தியிருப்பானா, தெரியாது.
ரொட்டி தீர்ந்தால் மறுபடி போயிருப்பான்,
அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

ஒன்பது நிமிடம் ஆயிற்று.
பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்திருக்கும் காகிதம்
நாலாய்க் கிழிந்து நாடாவால் ஒட்டியது.
மூன்றில் அது ஒன்றுதான் மிச்சம்.
ஏன் எறியவில்லை என்று கேட்டால் பதில் கிடையாது.

அடுத்த நிறுத்தத்தில் ஸ்கைத்ரீதே நிற்பாள்.
தாலிவால்திஸின் மனைவி. மருத்துவமனைச் சலவைக்குப் போகிறவள்.
ஏறும்போது எப்போதும் சொல்வாள்:
‘குளிர் இன்றைக்குக் கடுமை.’
ஆமாம் என்பேன். ஆறு குளிர்காலமாக அது ஒன்றே எங்கள் பேச்சு.

அதோ, பச்சைத் தொப்பி.
புத்தகத்திலிருந்து காகிதத்தை உருவியிருக்கிறேன்.
இனி எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கும்.
வண்டி நின்றுவிட்டது.
கதவுப் பொத்தானில் என் விரல்.
அவள் கண்ணாடியைத் தட்டுகிறாள்.