மாசி மாதத்து நீலம்

தலைவழியே மாட்டுகிற ஸ்வெட்டர் எனக்கு ஆகாது.
நெற்றியில் விளக்கைக் கட்டியபிறகு
எதையும் தலைவழியே கழற்ற முடியாது,
மூன்றரை மணி இருட்டில்.
அதனால் முன்பக்கம் திறக்கிறது, ஐந்து பொத்தான்.
கார்டிகன் என்பாள் துணிக்கடைப் பெண்.
மணலோடையில் அதற்குப் பெயர்
பொத்தான் ஸ்வெட்டர்.

முதல் இருபது மரத்துக்கு ஐந்தும் பூட்டியிருக்கும்.
மலையிலிருந்து காற்று இறங்குகிற நேரம்.
எண்பதாவது மரத்தில் மேல் பொத்தான்,
நூற்றைம்பதில் இன்னும் இரண்டு.
முந்நூறாவது மரத்தில் வெளிச்சம் வரும்போது
அது என் இடுப்பில்,
இரண்டு கையாலும் என்னைக் கட்டிக்கொண்டு.
ஜெலஸ்டின் அப்படிக் கட்டியது
எந்த வருஷத்து வெட்டுப்பட்டையில் இருக்கிறதோ.

ஆனிக்கு மெல்லிசு போதும், நனைந்தால் உடனே காய்வது.
கம்பளி நனைந்தால்
ஒரு குடம் தண்ணீரைத் தோளில் உடுத்திய மாதிரி.
அந்த மாதம் மரங்களுக்கும் உடுப்பு உண்டு:
தார் பூசி, நாடா இறுக்கி, பிளாஸ்டிக் பாவாடை,
வெட்டின இடத்தில் மழை படாமல்.
முந்நூறு பேருக்கு உடுத்திவிட்டு
நான் உரச்சாக்கைத் தலையில் போட்டு நடப்பேன்.

ஐப்பசிக்குக் காலர் வேண்டும்.
துலாமழை பின்கழுத்தில்தான் முதல் சொட்டு வைக்கும்.

மார்கழிதான் எங்கள் அறுப்பு.
குளிரக் குளிரப் பால் நிற்காமல் இறங்கும்.
நான் நடுங்கினால் சிரட்டை நிறையும்,
அப்படி ஒரு கணக்கு.
அதற்கென்று குலசேகரம் சந்தைக் குவியலில் பொறுக்கியது
ஆண்கள் ஸ்வெட்டர்.
பொத்தான் வலப்பக்கம்.
இருட்டில் கைபழக ஒரு வாரம் ஆயிற்று.

மூன்றும் ஒரே நிறம்.
பால் வெள்ளையாய்த் தெறிக்கும், காய்ந்தால் தவிட்டு நிறம்,
எந்தச் சோப்புக்கும் அசையாது.
ஆகவே கறையின் நிறத்திலேயே துணி எடுப்பது.
ஒட்டுப்பால் வாங்க வருகிற ஏசுவடியான்
"எக்கா, அந்த ஸ்வெட்டரையும் தராசில வையுங்க,
கால் கிலோ தேறும்" என்பான்.
பொய்யில்லை.
கையை மடக்கினால்
முழங்கைத் துணி தானாக நிமிர்ந்துகொள்ளும்.

தை பாதியில் மரங்கள் கழற்றத் தொடங்கும்.
முதலில் சிவப்பு, பிறகு சருகு,
பிறகு கிளை முழுக்க வானம்.
மாசியில் கத்திக்கு ஓய்வு.
எனக்கு ஓய்வு என்று சொல்ல மாட்டேன், கூலி இல்லை, அவ்வளவுதான்.
மூன்று ஸ்வெட்டரும் புகைப்புரைக் கொடியில்
கடைசி ஷீட்டுகளுக்கு நடுவே
ஆளில்லாமல் தொங்கும்.

அந்த மாசியில்தான்
தக்கலையில், தள்ளுபடிக் கூடையில்,
அதைப் பார்த்தேன்.
மீன்கொத்தி முதுகு நீலம்.
சிப்பிப் பொத்தான்.
கையில் இருந்தது சீட்டுப் பணம்.
"பால் பட்டா போச்சு" என்றாள் றோஸிலெட்.
"பால் படாத இடத்துக்குப் போடுவேன்."
"அது எந்த இடம்?"
கடைப் பெண் அதற்குள் கவரை விரித்திருந்தாள்.

நாகர்கோவில் பஸ், பகல் பன்னிரண்டு மணி.
ஐந்து பொத்தானும் பூட்டியிருக்கிறேன்.
முதுகில் வியர்வை வழி தேடி இறங்குகிறது,
சாய்த்து வெட்டிய பட்டையில் இறங்குவதுபோல.
கண்டக்டர் குனிந்து பார்க்கிறார்.
"என்னம்மா, காய்ச்சலா?"
"ஆமா."
"ஆஸ்பத்திரி ஸ்டாப்பா?"
"இல்ல. கடைசி வரைக்கும்."

டிக்கெட்டை வைக்கப் பை தேடினேன்.
புதுசு, பையின் தையல் இன்னும் பிரிக்கவில்லை.
விரலிடுக்கில் வைத்துக்கொண்டு
ஜன்னல் கம்பியில் கையை மடக்கி வைத்தேன்.
மடக்கிய இடத்திலேயே
இருந்தது கை.